அசைத்துக் காட்டினால்தான் தெரியும்

ஒரு பட்டனைத் தொட்டதும் அடுத்த திரை வலப்பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வந்து நிற்கிறபோது லேசாக ஒரு குலுக்கல் வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை 2008 வாக்கில் ஒரு வாடிக்கையாளருக்கு விளங்கவைக்க, தூத்துக்குடியில் ஏதோவொரு கம்ப்யூட்டர் சென்டரில் மல்டிமீடியா கோர்ஸ் முடித்த பையனிடம் இருந்த வழிகள் கொஞ்சம்தான். இரண்டு தாளை மேசைமேல் வைத்துக் கையாலேயே தள்ளிக் காட்டலாம். பவர்பாயிண்டில் ஸ்லைடுக்கு ஸ்லைடு லிங்க் கொடுக்கலாம். கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் ஃப்ளாஷில் டைம்லைன் போட்டு, ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் நாலு வரி எழுதி ஓட்டிக் காட்டலாம். மற்றபடி ஃபோட்டோஷாப்பில் திரைகளை ஒவ்வொன்றாக வரைந்து, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் “இது வலமிருந்து வரும், மெதுவாக” என்று குறிப்பு வைத்து அனுப்புவதுதான் வழக்கம்.

“மெதுவான்னா எவ்வளவுண்ணே?” என்று ஆப் எழுதுகிறவர் போனில் கேட்பார்.

“ரொம்ப மெதுவா வேண்டாம்ப்பா. ஒரு மாதிரி வந்து நிக்கணும்” என்று இவர் இழுப்பார்.

அந்த இழுவையை மில்லிசெகண்டாக மாற்றிச் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார். கடைசியில் டெவலப்பருக்குத் தோன்றிய வேகம்தான் ஆப்பின் வேகம்.

இன்று ஆத்தூரில் நிலைமை வேறு. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், தாமிரபரணி கடலை எட்டப்போகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற இந்த ஊருக்கு வெளியே பெயர் வாங்கிக் கொடுத்தது வெற்றிலை. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொரோனாவுக்குப் பிறகு, கொடிக்கால்களைத் தாண்டியிருக்கிற தெருக்களில் சென்னைக்கும் பெங்களூருக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஆப்புக்குத் திரை வடிவமைக்கிறவர்களும் உண்டு. அந்த வலப்பக்க வழுக்கலை அவர்கள் பிரவுசரிலேயே பத்து நிமிடத்தில் செய்து, லிங்க்காக அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியவர் தன் போனில் தொட்டுப் பார்க்கிறார். “280 மில்லிசெகண்ட், ஈஸ் அவுட்” (முடிவில் வேகம் தணிவது) என்று எண்ணும் பெயருமாகக் குறிப்பு போகிறது. இழுவை இல்லை.

இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் கருவிகள் வந்ததும் போனதும் தனிக் கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கருவியைத் தேர்ந்தெடுக்கிறபோது கேட்கிற கேள்வி மாறியது. அன்று, “எது இதை அசைக்கும்? அது நம்ம கம்ப்யூட்டரில் ஓடுமா?” என்று கேட்டோம். இன்று எல்லாமே அசைக்கும், அநேகமாக எல்லாமே ஓடும். அதனால் வேறு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதைப் பலர் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

நம் கடற்கரைக்கு ஆப் வந்த கதையிலிருந்து பார்க்கலாம். 2007இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் போன்றோருடன் சேர்ந்து ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற செயலியைத் தொடங்கியது. ஐதராபாத்திலிருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் தகவல்களை எடுத்து, அலை உயரம், காற்று வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம், சந்தை விலை எல்லாவற்றையும் மீனவரின் போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோக்கம். அப்போதைய போன், விரல்நகம் அளவு பட்டன்களும் தீப்பெட்டி அகலத் திரையும் கொண்டது. மேலே, கீழே, ஓகே. அவ்வளவுதான் அதன் பாஷை. அசைவுக்கு அதில் வேலையே இல்லை. எழுத்து தெரிந்தால் போதும். அந்த மாதிரி செயலிக்குத் தாளில் கட்டம் போட்டு மெனுவை எழுதிக் காட்டுவதே நல்ல புரோட்டோடைப், அதாவது முன்மாதிரி. அதைவிடப் பெரிய கருவியைத் தேடியிருந்தால் வீண்செலவு.

அதே செயலி பின்னால் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது அதன் குணமே மாறிவிட்டது. ஜிபிஎஸ் சேர்ந்தது. இலங்கையுடனான கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிற வசதி சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் அந்த எல்லை 1976 ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்டது. தண்ணீர்மேல் கோடு எதுவும் கிடையாது. படகுக்காரருக்கு அது தெரிகிற ஒரே இடம் திரைதான். இப்போது கேள்விகள் அசைவைச் சுற்றியே வருகின்றன. எச்சரிக்கை எப்படித் தோன்ற வேண்டும்? மின்னுமா, சிவப்பு பரவுமா, போன் அதிருமா? ஒருமுறை மின்னி நின்றுவிட்டால் வலை இழுக்கிறவர் பார்ப்பாரா? விடாமல் மின்னினால் எரிச்சலில் அணைத்துவிடுவாரா? இதையெல்லாம் ஃபோட்டோஷாப் படத்தில் கேட்கவே முடியாது. ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

தொடுதிரை வந்தபிறகு உலகம் முழுக்க இதே சிக்கல்தான். ஐபோனில் பட்டியலைக் கடைசிவரை இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்புகிறதே, அதைச் செய்தவர் பாஸ் ஆர்டிங். ஆப்பிளுக்குள் அவர் புரோட்டோடைப் செய்யக் கையாண்ட கருவி மேக்ரோமீடியா டைரக்டர்; நம்மூர் மல்டிமீடியா சென்டர்களில் சிடி-ராம் செய்யச் சொல்லிக் கொடுத்த அதே டைரக்டர்! இரண்டு இடத்திலும் கருவி ஒன்றுதான், கேட்ட கேள்விதான் வேறு. பட்டியலைக் கீழே இழுத்துவிட்டால் புதுச் செய்தி வருகிற பழக்கம் 2009இல் லோரன் பிரிக்டர் ‘ட்வீட்டி’ செயலியில் வைத்தது. அதை நின்ற படமாக வரைந்து காட்டினால் யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. விரல் எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நகரும், எந்தப் புள்ளியில் கையை விட்டால் திரும்பும் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

2013இலிருந்து கருவிகள் மழையாகப் பெய்தன. ஃபேஸ்புக் அந்த ஆண்டு கடைசியில் ‘ஒரிகாமி’யை இலவசமாக வெளியே விட்டது. அது தனிக் கருவிகூட இல்லை. ஆப்பிள் 2005இல் மேக்குடன் கொடுத்த ‘குவார்ட்ஸ் கம்போஸர்’ என்ற மென்பொருளின்மேல் ஏறி உட்கார்ந்த துணைக்கருவி. பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்து இணைக்க வேண்டும். பார்த்தால் எலக்ட்ரீஷியன் வேலை மாதிரி இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் கோன் போக், யோர்ன் வான் டைக் இருவரும் ‘ஃப்ரேமர்’ கொண்டுவந்தார்கள். அதில் காஃபிஸ்கிரிப்டில் கோட் எழுதினால் எது வேண்டுமானாலும் ஆடும். 2015இல் ‘பிரின்சிபிள்’ வந்தது, அதே காலத்தில் ‘ஃப்ளிண்டோ’, ‘பிக்ஸேட்’. வடிவமைப்பாளர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் எது சிறந்தது என்ற சண்டைதான்.

ஆத்தூர்ப் பக்கம் அந்தச் சண்டையே வரவில்லை. காரணம் எளிது. ஒரிகாமியா, மேக் வேண்டும். பிரின்சிபிளா, மேக் வேண்டும். ஃப்ளிண்டோவுக்கும் மேக், ஃப்ரேமர் ஸ்டுடியோவுக்கும் மேக், திரை வரைகிற ‘ஸ்கெட்ச்’சுக்கும் மேக். இங்கே ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் கோரல்டிரா போட்டுக்கொண்டிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கும் கடைக்கும் பொது. ஒரு மேக்புக் வாங்கப் பல மாதச் சம்பளம் போகும். போதாததற்கு 2012இல் தென்மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் கூவுவதற்குள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரெண்டர் முடிந்துவிட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்தான் மேக் இல்லாதவர்களின் வழியாக இருந்தது. திரைகளை அதில் அடுக்கி, அசைவு கொடுத்து, வீடியோவாக எடுத்து அனுப்புவார்கள். பார்க்க சினிமா மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் சொக்கிப்போவார். ஆனால் அதைத் தொட முடியாது. தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை வைத்து, தொடுகிற விஷயத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது ஆப் கைக்கு வந்தபிறகே தெரியும். வீடியோவில் கண்கொள்ளாக் காட்சியாக முக்கால் விநாடி விரிந்த மெனு, நாளைக்கு நாற்பது தடவை திறக்கிறவருக்கு நாற்பது தடவை காத்திருப்பு. இன்றும் அழகான வீடியோவைக் காட்டி வேலையை வாங்கிவிடுகிற வழக்கம் போகவில்லை. அது விளம்பரம். புரோட்டோடைப் என்று அதைச் சொல்லக் கூடாது.

2016 செப்டம்பர் இந்த ஊருக்கு இரண்டு விதத்தில் முக்கியமான மாதம். மாதத் தொடக்கத்தில் ஜியோ வந்தது. 4ஜி டேட்டா தண்ணீராய்க் கிடைத்தது. அதே மாதக் கடைசியில் ஃபிக்மா எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டிலன் ஃபீல்டும் எவன் வாலஸும் 2012இல் தொடங்கிய இந்தக் கருவி பிரவுசரில் ஓடியது. விண்டோஸா மேக்கா என்று அது கேட்கவில்லை. ஃபைலை பென் டிரைவில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரே ஃபைலில் சென்னைக்காரரும் ஆத்தூர்க்காரரும் ஒரே நேரத்தில் கை வைக்கலாம். இரண்டு நிகழ்ச்சிக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் டேட்டா மலிவாகாமல் இருந்திருந்தால் பிரவுசர் கருவியை இங்கே யார் தொட்டிருப்பார்கள்?

ஃபிக்மாவில் அசைவு உடனே வரவில்லை. முதலில் திரை விட்டுத் திரை தாவுவது மட்டும்தான். 2019இல் ‘ஸ்மார்ட் அனிமேட்’ வந்தபிறகே ஆட்டம் சூடுபிடித்தது. அதன் சூத்திரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: இரண்டு திரையிலும் ஒரே பெயருள்ள லேயர் இருந்தால், முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு அது எப்படிப் போக வேண்டும் என்பதைக் கருவியே கணக்குப் போட்டுக்கொள்ளும். இது ஃபிக்மாவின் சொந்தச் சரக்கு இல்லை. 2009இல் ஆப்பிளின் கீநோட்டில் ‘மேஜிக் மூவ்’ என்று வந்த வித்தைதான். அதை பிரின்சிபிள் எடுத்துக்கொண்டது, 2018இல் அடோபி எக்ஸ்டி ‘ஆட்டோ அனிமேட்’ என்று வைத்தது, பிறகு ஃபிக்மா. டைம்லைனில் ஒவ்வொரு கணத்தையும் கையால் குறித்த ஃப்ளாஷ் காலத்துக்காரருக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வரைந்தால் போதும், நடுவில் உள்ளது தானே வரும்.

தானே வருவதில்தான் வில்லங்கமும் இருக்கிறது. நடுவில் நடப்பதை நாம் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். ஸ்மார்ட் அனிமேட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேரும். தலைப்பு முதலில், படம் அடுத்து, பட்டன் கடைசியில் என்று வரிசையாக வர வேண்டுமானால் இடையில் போலித் திரைகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆப்பின் பல திரைகளை இணைத்து, வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஃபிக்மாவே போதும். அதைவிட்டு வெளியே போகத் தேவையில்லை. விரலின் வேகத்தைப் பொறுத்து அசைவு மாற வேண்டும், போனைச் சாய்த்தால் ஏதோ நடக்க வேண்டும், ஒலி கேட்டால் திரை மாற வேண்டும் என்றால் கொரியாவிலிருந்து 2017இல் வந்த ‘புரோட்டோபை’ அதற்கென்றே செய்தது. போனின் சென்சார்களை அது நேரே பேசவைக்கும், விண்டோஸிலும் ஓடும். ஒரிகாமியும் 2016இல் தனிக் கருவியாகி, இலவசமாகவே இருக்கிறது. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், இன்னமும் மேக் வேண்டும்.

படமாக ஆடுகிற அசைவுக்கு வேறு பாதை உண்டு. 2017இல் ஏர்பிஎன்பி ‘லாட்டி’யை வெளியிட்டது. நிழலுருவங்களை வெட்டி ஒட்டி 1926இல் முழுநீள அசைவுப்படம் எடுத்த ஜெர்மானியப் பெண் லோட்டே ரைனிகரின் நினைவாக வைத்த பெயர் அது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்ததை ஹெர்னான் டொரிஸி எழுதிய ‘பாடிமூவின்’ என்ற துணைக்கருவி ஜேசன் ஃபைலாக மாற்றும். லாட்டி அதை ஆப்புக்குள் அப்படியே ஓட்டும். யூபிஎஸ் கூவலுக்குப் பயந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்றவர்களுக்கு இது லாட்டரி விழுந்த மாதிரி. வீடியோவாகச் செத்துக் கிடந்த வேலை, ஆப்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இப்போது ‘ரைவ்’ அதற்கும் ஒருபடி மேலே போய், தொட்டால் இப்படி, விட்டால் அப்படி என்று நிலைமாற்றங்களையும் அசைவோடு சேர்த்தே கட்டித் தருகிறது.

இத்தனையும் சொன்னபிறகு ஒரு சங்கதி. புன்னைக்காயல் பக்கம் மீனவர் ஒருவரிடம், காற்று நிலவரம் காட்டுகிற புரோட்டோடைப் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தோம். ஃபிக்மாவில் செய்தது. தகவல் வருவதற்குள் ஒரு அலை வளையம் சுற்றும். நாங்கள் அதில் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் அதைப் பட்டன் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். அடுத்த நாளின் நிலவரத்துக்கு இடப்பக்கம் தள்ள வேண்டும். அவர் போன் தண்ணீருக்குப் பயந்து பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கவரின்மேல் விரல் இழுபடவில்லை. கையை லுங்கியில் துடைத்துவிட்டு, “தம்பி, அமுக்குறாப்புல வைங்க. தள்ளுறதெல்லாம் கரைல உக்காந்துதான்” என்றார்.

இதில் தத்துவம் ஒன்றுமில்லை, பௌதிகம்தான். இன்றைய தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரம் கடத்தும். திரைமேல் துளி இருந்தால் போன் அதையே விரல் என்று நினைக்கும், அல்லது விரலைத் தவறவிடும். வெயிலில் மெல்லிய நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் இதைச் சொல்லியிருக்காது. அமுக்குவதா தள்ளுவதா என்ற கேள்விக்கு அன்று ஒரு அட்டையில் பெரிய பட்டன் வரைந்து எடுத்துப்போயிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

இந்தக் கரையில் ஒரு பழைய நடைமுறை உண்டு. முத்துக்குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன், கடலடியிலுள்ள முத்துப்பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் தரம் பிரித்து, வியாபாரிகளை வைத்து விலை மதிப்பிடுவார்கள். மதிப்பு தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். தேறாத ஆண்டுகளில் படகு இறங்காது. ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அதிகாரிகள் இந்த முறையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்த மாதிரிச் சிப்பிகளுக்கு அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இறங்கலாமா என்ற ஒரே கேள்விக்கு அவை பதில் சொன்னால் போதும். புரோட்டோடைப்பும் அதே ஜாதி. என்ன கேள்வி என்று முதலில் தாளில் எழுதிவிட்டால், எந்தக் கருவி என்பது பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

தமிழில் ஆப் செய்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு, இதை ஆங்கிலத்தில் எழுதிய எந்த வழிகாட்டியும் சொல்லாது. எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவதுபோல ஒரு அசைவு எல்லோருக்கும் பிடிக்கும். ‘கொற்கை’ என்ற பெயரை அப்படி ஓடவிட்டுப் பாருங்கள். யூனிகோடில் ஒவ்வொரு குறியாக வெளியே வந்தால் முதலில் ‘க’, உடனே அது ‘கொ’ ஆகும், பிறகு ‘ற’ வந்து புள்ளி வாங்கி ‘ற்’ ஆகும், கடைசியில் ‘க’ வந்து ‘கை’ ஆகும். எழுத்து வளராமல் உருமாறி உருமாறித் துடிக்கும். ஆங்கில எழுத்தை வைத்துப் புரோட்டோடைப் செய்து ஒப்புதல் வாங்கிவிட்டு, கடைசியில் தமிழைப் போட்டால் இந்தக் கூத்து நடக்கும். உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாகப் பிரிக்க இப்போது நிரல்மொழிகளில் வழி இருக்கிறது. டெவலப்பரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘சப்மிட்’ என்ற பட்டன் ‘சமர்ப்பிக்கவும்’ ஆனதும் அகலம் இரட்டிப்பதும் இதே வகை. பட்டன் சுருங்கி வட்டமாகிற அசைவு ஆங்கிலத்தில் அழகு, தமிழில் எழுத்து நசுங்கல். ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் திரையிலிருந்தே தமிழ் எழுத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கருவிகளின் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாரும் வாங்குமுன் யோசிக்காத செலவு. பிக்ஸேட்டை 2015இல் கூகுள் வாங்கியது, அடுத்த ஆண்டே அதன் கதை முடிந்தது. ஒரிகாமியைத் தாங்கிய குவார்ட்ஸ் கம்போஸரை ஆப்பிள் 2019இல் ஓரங்கட்டியது. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள். கோட் எழுதி அசைத்த பழைய ஃப்ரேமர் இன்று வெப்சைட் கட்டுகிற கருவியாகிவிட்டது. 2023இல் அடோபி எக்ஸ்டி வளர்ச்சி நின்று, பராமரிப்பு நிலைக்குப் போனது. ஒரு காலத்தில் புரோட்டோடைப் என்றாலே நினைவுக்கு வந்த இன்விஷன் 2024 கடைசியோடு கடையைச் சாத்தியது. அவற்றில் உழைத்துச் செய்த ஃபைல்கள் பலவற்றை இன்று திறக்க முடியாது.

ஃபிக்மாவுக்கும் அந்தப் பயம் வந்து போனது. 2022 செப்டம்பரில் அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டிக் கண்காணிப்பு அமைப்புகள் குறுக்கே நின்றன. 2023 டிசம்பர் 18 அன்று இரு நிறுவனங்களும் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அடோபி 100 கோடி டாலர் முறிவுத் தொகை கொடுத்தது. உலகம் முழுக்க வடிவமைப்பாளர்கள் அன்று அதைப் பற்றியே பேசியிருப்பார்கள். ஆத்தூரில் பேச முடியவில்லை. முந்தின நாள்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பிரவுசரில் மட்டுமே இருக்கிற வேலை, நெட் இல்லாத நாளில் இல்லாத வேலைதான். கோரல்டிரா ஃபைலை பென் டிரைவில் வைத்திருந்த அந்தக் காலத்து ஃப்ளெக்ஸ்காரர் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடப் பாதுகாப்பாக இருந்தார்.

அதனால் புரோட்டோடைப் ஒப்புதல் ஆனதும் இரண்டு காரியம் செய்துவிடுவது நல்லது. திரையை அப்படியே வீடியோவாகப் பதிந்து கணினியிலும் வெளியே ஓரிடத்திலும் வைக்க வேண்டும். எத்தனை மில்லிசெகண்ட், எந்த வேக வளைவு, ஸ்பிரிங் என்றால் அதன் விறைப்பும் தணிப்பும் எவ்வளவு என்பதை எண்ணாக ஒரு தாளில் எழுத வேண்டும். கருவி செத்தாலும் எண் சாகாது. ஆப்பை ஃப்ளட்டரில் எழுதுகிறவருக்கும் ஜெட்பேக் கம்போஸில் எழுதுகிறவருக்கும் வேண்டியது அதுதான்.

இப்போது புதிதாக வந்திருப்பது பேச்சைக் கேட்டு ஆப் செய்கிற ஏஐ. ஃபிக்மாவே 2025இல் ‘ஃபிக்மா மேக்’ (Figma Make) கொண்டுவந்தது. வேண்டியதை வாக்கியமாகச் சொன்னால், கோடோடு ஓடுகிற புரோட்டோடைப் வந்து நிற்கிறது. மேக் கம்ப்யூட்டர் வாங்க முடியாமல், காஃபிஸ்கிரிப்ட் படிக்க முடியாமல் விட்டுப்போனவர்களுக்கு இது பெரிய திறப்பு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் “மெதுவாக வரட்டும்” என்று அதனிடம் சொன்னால் அது எதையாவது ஒரு மெதுவைப் போட்டுவிடும், பெரும்பாலும் எதிர்க்கேள்வி கேட்காது. 2008இல் போனில் “எவ்வளவுண்ணே?” என்று கேட்ட டெவலப்பர் அந்த வகையில் மேல். ஏஐயிடம் வேலை வாங்கவும் 200க்கும் 400க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் வரும்.

இந்த ஊரில் புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான். ஆண்டுச் சந்தாவுக்கு அவசரப்படாதீர்கள். ஃபிக்மாவுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது, மாணவராக இருந்தால் கல்வித் திட்டமும் இலவசம். திறந்த மூலத்தில் ‘பென்பாட்’ இருக்கிறது. அவை போதாது என்று ஒரு குறிப்பிட்ட கேள்வி உங்களைப் பிடித்துத் தள்ளும்போது புரோட்டோபைக்கோ ரைவுக்கோ போங்கள். வேகம்தான் சந்தேகம் என்றால் எந்தப் புரோட்டோடைப் கருவியையும் நம்பாதீர்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிசெகண்ட் சொச்சம்தான். உங்கள் லேப்டாப்பில் வழுக்குகிற அசைவு, மலிவு போனில் அந்த நேரத்துக்குள் முடியாமல் திக்கும். அதை நேரே ஃப்ளட்டரில் எழுதி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். சந்தாவுக்கு எடுத்து வைத்த பணத்தில் மூன்று, நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்குங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, உச்சி வெயிலில் புன்னைக்காயலுக்கு எடுத்துப்போய் யார் கையிலாவது கொடுங்கள். கொடுத்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள்.